வீடு தேடிச் சென்ற மருத்துவமாது: இலங்கையில் தாய்சேய்ப் பராமரிப்பின் வரலாறு

இலங்கையில் 1930களில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். ஏறத்தாழ ஐம்பது பேறுகளுக்கு ஒரு தாய் என்பது அதன் பொருள். தாய்மரண வீதம் எனப்படும் இந்த அளவு 1947க்கும் 1950க்கும் இடைப்பட்ட மிகக் குறுகிய காலத்தில் பாதியாகச் சரிந்து, அதன் பின்னரும் தொடர்ந்து இறங்கி, 2010களில் நாற்பதுக்கும் கீழே வந்தது. வருமானத்தில் எளிய நாடாகவே இருந்த தீவொன்று இதை அடைந்ததற்கு மருந்துகளும் மருத்துவமனைகளும் காரணம் என்பது உண்மையே. ஆயினும் அவற்றைக் கிராமத்து வீட்டின் திண்ணையோடு இணைத்தவர் பொதுச் சுகாதார மருத்துவமாது என்று முதலில் அழைக்கப்பட்டு, பின்னர் குடும்பநல உத்தியோகத்தர் என்ற பெயரும் பெற்ற கடைநிலை அரசு ஊழியரான பெண்ணே ஆவார்.

அவருக்கு முன் அந்த வீட்டுக்கு வந்தவர் மருத்துவிச்சி. பெரும்பாலும் தாயிடமிருந்து மகள் கற்றுக்கொண்ட அத்தொழிலில், கருப்பையில் குழந்தை கிடக்கும் நிலையைக் கைத்தடவலால் அறிவதும், நோவின் போக்கை உணர்ந்து தாயைத் தேற்றுவதும், பேற்றுக்குப் பின் வேது நீராட்டுவதும் பத்தியச் சரக்கு ஊட்டுவதும் அடங்கியிருந்தன. யாழ்ப்பாணத்தில் முப்பத்தொரு நாள் நீடித்த துடக்குக் காலம், தீட்டு என்ற கருத்திலிருந்து எழுந்ததாயினும், பெற்றவளுக்கு வேலையிலிருந்து விடுப்பையும் தந்தது. இவற்றையெல்லாம் அறியாமை என்று ஒதுக்குவது நியாயமன்று. மருத்துவிச்சியின் கைக்கு எட்டாதவை வேறு சில இருந்தன: கழுவப்படாத கையாலும் கருவியாலும் கருப்பையில் தொற்று ஏறுவதால் வரும் பிரசவக் காய்ச்சல், பேற்றுக்குப் பின் நில்லாத குருதிப்பெருக்கு, இரத்த அழுத்தம் ஏறிக் கருவுற்றவளுக்கு வரும் வலிப்பு, தொப்புள்கொடியை வெட்டிய இடத்தின் வழியே கிருமி புகுந்து பச்சிளங் குழந்தையை விறைக்கச் செய்து கொல்லும் ஏற்புவலி ஆகியன அவை.

மேலைமுறைப் பேறுகால மருத்துவம் தீவுக்குள் வந்தபோது அது வீட்டை நோக்கி வரவில்லை. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கும் பெருமுயற்சியில் இறங்கியவர். மவுன்செல் என்பவரின் மகப்பேற்று நூலைத் தமிழாக்கி 1857இல் அவர் வெளியிட்டது, தமிழ் அறிவியல் எழுத்தின் வரலாற்றில் இன்னும் உரிய இடம் பெறாத செயல். ஆயினும் அந்நூலைப் படித்து மருத்துவரானவர்கள் ஆண்கள். பேற்றறைக்குள் ஆண் நுழைவதை அக்காலச் சமூகம் ஏற்கவில்லை. கொழும்பில் 1879இல் திறக்கப்பட்ட டி சொய்சா பிரசவ விடுதியும், இணுவிலில் 1898இல் பெண்களுக்கென எழுந்த மக்லியோட் மருத்துவமனையும் பல உயிர்களைக் காத்தன. எனினும் மருத்துவமனை என்பது வருபவளுக்காகக் காத்திருக்கும் இடம். வீட்டில் எல்லாம் கைமீறிய பிறகு வண்டியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட பெண்ணுக்கு அது பெரும்பாலும் காலம் கடந்த உதவியாகவே அமைந்தது.

1926இல் களுத்துறையில், ராக்பெல்லர் நிறுவனத்தின் துணையுடன் தொடங்கப்பட்ட முதலாவது சுகாதாரப் பிரிவு இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கியது. நோயாளி வரும்வரை காத்திராமல், எல்லை வகுக்கப்பட்ட ஒரு நிலப்பரப்பில் வாழும் அனைவரின் நலத்துக்கும் ஓர் அணி பொறுப்பேற்பதே அதன் அடிப்படை. சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ்ப் பொதுச் சுகாதாரத் தாதியும் பரிசோதகரும் பணியாற்ற, மருத்துவமாது ஒவ்வொருவருக்கும் சில ஆயிரம் பேர் வாழும் ஒரு பகுதி ஒப்படைக்கப்பட்டது. அப்பகுதியில் கருவுற்ற பெண்களைத் தேடிக் கண்டு பதிவேட்டில் எழுதுவது, வீட்டுக்குச் சென்று பார்ப்பது, கிளினிக்குக்கு வரச் செய்வது, ஆபத்துக் குறி கண்டவளை மருத்துவமனைக்கு அனுப்புவது, மற்றவளுக்கு வீட்டிலேயே பேறு பார்ப்பது, பிறகு தொப்புள் காய்ந்து விழும்வரை தாயையும் சேயையும் மீண்டும் மீண்டும் சென்று கவனிப்பது ஆகியவை அவர் கடமைகள். கொதிக்க வைத்த கத்தரிக்கோல், நூல், சவர்க்காரம், கிருமிகொல்லி என்று அவர் பையில் இருந்தவை எளியவை. ஆனால் மேலே கூறிய நான்கு கொலைக் காரணங்களில் பிரசவக் காய்ச்சலையும் ஏற்புவலியையும் தடுக்க அவையே பெரிதும் போதுமானவையாக இருந்தன. மற்ற இரண்டுக்கும் வேண்டியது, ஆபத்தை முன்னரே அறியும் கண்ணும் அனுப்பிவைக்க ஒரு மருத்துவமனையும். பிந்தியது கிராமப்புறங்களில் மெல்ல மெல்லவே எழுந்தது.

இவ்வமைப்பு தீவெங்கும் பரவ அரசியலும் காரணமாயிற்று. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு ஆண் பெண் இருபாலார்க்கும் சர்வசன வாக்குரிமை அளித்தபின், கிராமத்துப் பெண்ணின் வாக்கை நாடியவர்கள் தத்தம் தொகுதிக்குப் பாடசாலையும் மருத்துவ நிலையமும் கொண்டுவர வேண்டியவர்களாயினர். 1934-35 மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டதும், 1935இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்ததும், கிராமச் சுகாதாரத்தைப் புறக்கணிப்பதன் விலையை அரசுக்கு உணர்த்தின. 1940களின் பிற்பகுதியில் இறப்பு வீதத்தில் ஏற்பட்ட பெருஞ்சரிவை முழுவதும் டி.டி.டி. என்னும் கொசு மருந்தைத் தெளித்து மலேரியாவை அடக்கியதன் பயனாகக் கண்ட அறிஞர்கள் உண்டு. மக்கள்தொகை ஆய்வாளர் மீகம அதை மறுத்து, சுகாதார சேவைகளின் விரிவுக்கு உரிய பங்கை வலியுறுத்தினார். மலேரியா கருவுற்ற பெண்ணைக் குருதிச்சோகையால் நலியச் செய்வதால் அதன் ஒழிப்புக்கும் பங்குண்டு; பென்சிலினுக்கும் உண்டு. எனினும் கொசு மருந்து தொப்புள்கொடியைத் தூய்மையாக வெட்டாது என்பதை நினைத்தால் மீகமவின் பக்கமே நியாயம் மிகுதி.

இந்த வெற்றியின் எல்லைக் கோடு மலையகத் தோட்டங்களின் வாயிலில் நின்றது. தேயிலைக்கும் இறப்பருக்கும் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் நலம் தோட்ட உரிமையாளரின் பொறுப்பாகக் கருதப்பட்டதால், பொதுச் சுகாதாரப் பகுதிகளின் வலையில் லயன்கள் எனப்பட்ட அவர்களின் வரிசைக் குடியிருப்புகள் விழவில்லை. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், பிள்ளை பெற்ற தொழிலாளிக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் அளிக்குமாறும் அக்காலத்தில் அவளை வேலைக்கு அழைக்காதிருக்குமாறும் துரை எனப்பட்ட தோட்ட நிர்வாகியைப் பணித்தது. 1939இல் மகப்பேற்று நன்மைகள் சட்டமும் வந்தது. ஏட்டில் இவை நாட்டின் பிற பெண்களில் பெரும்பாலோருக்குக் கிட்டாத சலுகைகள். நடைமுறையிலோ, தனக்கு மேலதிகச் செலவாகும் பராமரிப்பைத் துரையே தர வேண்டும், அதைத் துரையே மேற்பார்க்கவும் வேண்டும் என்ற ஏற்பாட்டில், தோட்டத்துக் குழந்தைகளின் இறப்பு வீதம் நாட்டின் சராசரியைவிட நெடுங்காலம் உயர்ந்தே இருந்தது. கிராமங்களில் தாய்மரணம் விரைந்து குறைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. கிராமத்துக்கு மருத்துவமாதைக் கொண்டுவந்த அந்த நெம்புகோல் தோட்டத்துப் பெண்ணின் கையில் இல்லாது போயிற்று. மருத்துவ வரலாறுகளில் தனியே கூறப்படும் தாய்மரணச் சரிவும், அரசியல் வரலாறுகளில் தனியே கூறப்படும் குடியுரிமைப் பறிப்பும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்கப்பட வேண்டியவை.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்ட பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. பிள்ளை மடுவங்கள் எனப்படும் குழந்தைக் காப்பகங்கள் சீராக்கப்பட்டன, தடுப்பூசித் திட்டங்கள் லயன்களை எட்டின, பிற்காலத்தில் தோட்ட மருத்துவமனைகள் சிலவற்றை அரசு பொறுப்பேற்றது. ஏற்புவலித் தடுப்பூசியும் மருத்துவமனைப் பேறும் அங்கும் வழக்கமாயின. ஆயினும் தமிழ் பேசும் மருத்துவமாதுகளின் பற்றாக்குறை தீரவில்லை. அப்பணிக்குரிய பயிற்சியில் சேரப் பாடசாலைக் கல்வித் தகுதி வேண்டும். தோட்டப் பாடசாலைகளோ நெடுங்காலம் ஆரம்ப வகுப்புகளோடு நின்றவை. ஆகவே தங்கள் மொழியில் நோவைக் கேட்டறியும் ஒருவரை அந்த லயன்களிலிருந்தே உருவாக்கும் வாய்ப்பும், தாய்சேய்ச் சேவையைப் போலவே, ஒரு தலைமுறைக்கு மேல் பிந்தியே மலையகம் வந்து சேர்ந்தது.