தோற்றவன் பெயரில் ஒரு பரணி

அலங்காநல்லூரிலோ பாலமேட்டிலோ ஒருவன் மாடு பிடித்தான் என்றால், கேட்பவர் அடுத்து விசாரிப்பது எந்த மாடு என்பதைத்தான். பிடிபடாத காளைக்கும் அங்கே பரிசு உண்டு. நம் இலக்கிய மரபும் இந்த நியாயத்தை அறியும். பரணி, தோற்றவரின் பெயரால் அமைவது. குலோத்துங்கனின் வெற்றியைச் செயங்கொண்டார் பாடிய நூலுக்குக் கலிங்கத்துப்பரணி என்றே பெயர். எதிரியின் வலிமையைச் சொல்லாமல் வென்றவனின் பெருமையைச் சொல்ல இயலாது.

கிரிக்கெட்டில் மட்டும் நாம் சதங்களை எண்ணுவதோடு நின்றுவிடுகிறோம். 1975 ஜனவரியில், மதுரைச் சீமை வாடிவாசல்களை ஒழுங்கு செய்துகொண்டிருந்த பொங்கல் வாரத்தில், சேப்பாக்கத்தில் ஆண்டி ராபர்ட்ஸ் பந்து வீசினார். முதல் இன்னிங்ஸில் 64 ஓட்டங்களுக்கு 7 விக்கெட். இந்தியா எடுத்தது 190. அதில் குண்டப்பா விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97. மற்ற பத்துப் பேரும் உதிரிகளும் சேர்ந்து 93. கடைசி ஆட்டக்காரரான சந்திரசேகர் வீழ்ந்ததால் சதம் கைகூடவில்லை. இந்தியா 100 ஓட்டங்களில் வென்றது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1979 ஜனவரியில், அதே மைதானத்தில் அதே நாட்டுக்கு எதிராக விஸ்வநாத் 124 எடுத்தார். அப்போது ராபர்ட்ஸ், ஹோல்டிங், கார்னர், கிராஃப்ட் எவருமில்லை. கெர்ரி பாக்கரின் போட்டிகளுக்குப் போய்விட்டிருந்தார்கள். ஆகவே அந்தச் சதத்தைத் தள்ளுபடி செய்துவிடலாமா?

இங்கேதான் கவனம் வேண்டும். அந்த ஆடுகளத்தில் பந்து வேகமாக எகிறியது. எதிரே சில்வெஸ்டர் கிளார்க் இருந்தார். அன்று இந்தியா எடுத்த 255இல் ஏறத்தாழப் பாதி விஸ்வநாத்துடையது. பந்துவீச்சின் தரத்தைப் பெயர்ப் பட்டியலில் தேடினால், சதங்களை எண்ணுகிறவர் செய்யும் பிழையையே வேறு வழியில் செய்கிறோம். அன்றைய களத்தில், அன்றைய பந்து மற்றவர்களை என்ன செய்தது என்பதே நம்பத்தக்க அளவுகோல். அந்த அளவுகோலில் 97 முந்துகிறது. 124 அதற்கு வெகு பின்னால் இல்லை.

1975 ஆட்டத்தின் இரண்டு இன்னிங்ஸிலுமாக ராபர்ட்ஸ் வீழ்த்தியது 12 விக்கெட்டுகள். அவர் அணி தோற்றது. ஆனாலும் விஸ்வநாத்தின் 97ஐ இன்று எவர் நினைவுகூர்ந்தாலும் ராபர்ட்ஸின் பெயரைச் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. பிடிபட்ட காளைக்கும் ஊர் கொடுக்கும் மரியாதை அது.