காட்டுள்ளி

காட்டுள்ளி என்பது தீபகற்ப இந்தியாவின் வறண்ட புதர்க்காடுகளில் தானே முளைக்கும் சிறு கிழங்குச் செடி. தாவரவியல் பெயர் பான்கிரேசியம் டிரைஃப்ளோரம். ஐரோப்பியர் வசந்தத்தின் அடையாளமாகப் போற்றும் டாஃபோடிலும் இதுவும் அமரிலிடேசி குடும்பத்தைச் சேர்ந்தவை. வெங்காயம் போன்ற கிழங்கு, பட்டை இலை, பூ நடுவே கிண்ணம் என உருவமும் ஒத்திருக்கும்.

இச்செடியின் எழுத்து வரலாறு மலபாரில் தொடங்குகிறது. கொச்சியின் டச்சு ஆளுநராயிருந்த வான் ரீடு தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்’ நூலின் 11ஆம் தொகுதி, அவர் இறந்த மறு ஆண்டான 1692இல் வெளிவந்தது. அதில் ‘காட்டுள்ளிப் போள’ என்ற பெயரில் படத்துடன் இடம்பெற்றிருப்பது இந்தச் செடியே. காட்டு உள்ளி என்ற அந்தப் பெயர் தமிழ்க் காதுக்கும் அந்நியமன்று. ஆனால் நரிவெங்காயத்தையும் காட்டுள்ளி என்பதுண்டு. அது வேறு குடும்பம்.

தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இலங்கையின் பெயரை இட்டு விவரித்தது பான்கிரேசியம் சைலானிகம் என்ற மற்றோர் இனம். அதில் தண்டுக்கு ஒரு பூவே வரும். ஒரு தண்டில் பல பூக்கள் விடும் இனத்தைப் பிரித்து, ‘மூன்று பூ’ என்று பொருள்பட டிரைஃப்ளோரம் எனப் பெயரிட்டவர் வில்லியம் ராக்ஸ்பர்க். சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கும்பினியின் மருத்துவராயிருந்து, 1793இல் கல்கத்தா தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்றவர் அவர். அவரது ‘ஃப்ளோரா இண்டிகா’ முழுமையாக அச்சேறியது 1832இல், அவர் மறைந்து 17 ஆண்டுகளுக்குப் பின்.

வகைப்பாட்டில் கிண்ணமே முக்கியம். டாஃபோடிலின் கிண்ணம் மகரந்தத் தாள்களோடு ஒட்டாத தனி உறுப்பு. காட்டுள்ளியில் மகரந்தத் தாள்களின் அடிப்பகுதி ஒன்றுகூடிக் கிண்ணமாகிறது. விளிம்பில் பல் பல்லாக இருக்கும். நம் பூங்காக்களில் வரிசையாக நிற்கும் ஸ்பைடர் லில்லிக்கும் இதே அமைப்பு உண்டு என்பதால் பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஸ்பைடர் லில்லி அமெரிக்கக் கண்டத்துச் செடி. அதன் விதை பச்சையாய்ச் சதைப்பற்றுடன் இருக்கும். காட்டுள்ளியின் விதை கறுத்து உலர்ந்தது.

கோடை மழை மண்ணை நனைத்த சில நாட்களில் தண்டு எழும்பும். மாலையில் நீண்ட பச்சைக் குழல் மேல் ஆறு வெள்ளை இதழ்கள் விரிந்து மணம் கமழும். வெண்மையும் மணமும் நீண்ட குழலும் அந்துப்பூச்சிக்கான அழைப்பு. மழைக்காலம் முடிந்தால் இலை காய்ந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள் உறங்கும்.

டாஃபோடில் பூக்கப் பல வாரக் குளிர் வேண்டும். காஷ்மீரில் பூக்கும், சென்னைச் சமவெளியில் தங்காது. காட்டுள்ளிக்கு அந்தத் தேவையில்லை. செம்மண்ணும் மணலும் கலந்து, நீர் தேங்காத தொட்டியில் கிழங்கை முழுவதும் புதைத்து நட வேண்டும். இலை காய்ந்ததும் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். விதையிலிருந்தும் வளர்க்கலாம், பூக்கச் சில ஆண்டுகள் பிடிக்கும். கிழங்கு நஞ்சுள்ளது; குழந்தைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாமல் வைப்பது நல்லது.

இன்று ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், ஒரகடம் எனச் சிப்காட் தொழிற்பூங்காக்கள் விரிந்துள்ள பகுதிகளில் மேல்மண் வழிக்கப்படும்போது இத்தகைய கிழங்குச் செடிகள் மண்ணோடு போய்விடுகின்றன. ஆலைகளைச் சுற்றிப் பசுமை வளையம் அமைப்போர் ஸ்பைடர் லில்லிக்குப் பதிலாக, நாற்றங்காலில் விதையிட்டு வளர்த்த காட்டுள்ளியை நட வேண்டும். காட்டுக் கிழங்கைத் தோண்டக் கூடாது.