தஞ்சையில் ஆங்கிலக் கேள்வி

கல்லூரியில் நான் முதலாண்டு பயின்றபோது, வெளிநாட்டு விருந்தினர் ஒருவருக்குத் தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்றிக் காட்டும் வாய்ப்புக் கிடைத்தது. நான் திருவையாற்றுக்கு அருகிலுள்ள சிற்றூர்ப் பையன். ஆங்கிலத்தை நூல்களில் கண்டதன்றிக் காதால் கேட்டறியேன். அவரை வணங்கி, “வென்ஸ் கம் யூ, சார்?” என்றேன். செய்யுட் பாடத்தில் பயின்ற தொடர் அது. அவர் புன்முறுவலோடு தம் ஊரைச் சொன்னார். உடன் வந்த பட்டணத்து மாணவர் இருவரோ வாய்விட்டுச் சிரித்தனர். அவ்வாண்டு முழுவதும் நான் வகுப்பில் ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை.

“வேர் ஆர் யூ ஃப்ரம்?” என்பதே அவ்விடத்துக்குப் பொருந்தும் தொடர் எனப் பின்னர் அறிந்தேன். ஆயினும், நான் கேட்டது பிழைதானா என்னும் ஐயம் நெடுநாள் நீங்கவில்லை. அதற்கு விடை தேடியபோது தஞ்சை அரண்மனை வரையில் செல்ல நேர்ந்தது.

இம்மண்ணில் ஆங்கிலக் கல்விக்கு வித்திட்டவருள் முதன்மையானவர் சுவார்ட்ஸ் பாதிரியார். அவர் ஆங்கிலேயர் அல்லர். 1726-இல் பிரஷ்ய நாட்டிற் பிறந்து, 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியர். ஆங்கிலம் அவருக்கும் கற்றுக்கொண்ட மொழியே. இளவரசராயிருந்த இரண்டாம் சரபோஜிக்கு அவர் ஆசானும் காப்பாளருமாய் விளங்கினார். 1798-இல் அவர் மறைந்தார். அவ்வாண்டிலேயே சரபோஜி அரியணை ஏறினார். ஆசானின் கல்லறைக் கல்லுக்கு மன்னர் ஆங்கிலத்தில் ஒரு சிறு செய்யுள் இயற்றினார். அதில் ஆசானை அவர் ‘யூ’ என விளிக்கவில்லை. ‘தௌ’ என்றே விளிக்கிறார்.

மாணவர்களே, இந்த ஒரு சொல்லில் ஒரு வரலாறே அடங்கியிருக்கிறது. ‘தௌ’ என்பது நமது ‘நீ’. பிள்ளைகளையும் ஏவலாளரையும் நெருங்கிய நண்பரையும் ஒரு காலத்து ஆங்கிலேயர் அவ்வாறே அழைத்தனர்; மதிப்புக்குரியோரை ‘யூ’ என்றனர். பதினேழாம் நூற்றாண்டில் பொதுப் பேச்சினின்று ‘தௌ’ மெல்ல மறைந்தது. குவேக்கர் என்னும் சமயத்தார் மட்டும், மாந்தர் யாவரும் சமம் என்று சொல்லி நீதிபதியையும் ‘தௌ’ என்றழைத்து இன்னலுற்றனர். பேச்சில் அருகிய சொல் வேதநூலிலும் வழிபாட்டிலும் செய்யுளிலும் நிலைத்தது. ஆகவே பிற்காலத்தார் காதில் அது உயர்ந்த சொல்லாய் ஒலிக்கலாயிற்று. நமக்கு இதில் வியப்பில்லை. தேவாரம் பாடிய மூவரும் இறைவனை ‘நீ’ என்றழைத்தவர்களே அன்றோ?

‘நீ’யும் ‘நீங்களு’ம் ஒரே சொல்லாகிவிட்டால் மரியாதையை எங்கே வைப்பது? நாம் ‘வருகிறாயா’, ‘வருகிறீர்களா’ என வினைமுற்றின் ஈற்றில் வைக்கிறோம். ஆங்கிலேயருக்கு அந்த வசதி இல்லை. கேள்வியின் அமைப்பில்தான் அதனைக் காட்டவேண்டியதாயிற்று. ‘வில் யூ’ என்பதினும் ‘குட் யூ’ பணிவானது. ‘உட் யூ மைண்ட்’ அதனினும் பணிவானது. “கதவைத் திறக்க முடியுமா?” என்று ஒருவர் கேட்டால் அவர் நம் கைவலிமையை ஆராயவில்லை, கதவைத் திறக்கச் சொல்கிறார். கேள்வி வடிவில் வரும் இத்தகைய ஏவலை நன்னூலார் ‘ஏவல் வினா’ என்று பெயரிட்டு, வினாவின் ஆறு வகைகளுள் ஒன்றாக வைத்துள்ளார்.

கேள்வியின் சொல்வைப்பும் மாறிற்று. வினையை முன்னிறுத்திக் கேட்பது பழைய முறை. ‘டூ’ என்னும் துணைவினையை முன்னே சேர்ப்பது புதிய முறை. ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் இரண்டும் கலந்து வருகின்றன. 1700-ஐ ஒட்டிப் புதிய முறையே பெரும்பாலும் நிலைபெற்றது. என் ‘வென்ஸ் கம் யூ’ அந்தப் பழைய முறையைச் சேர்ந்தது. அது பிழையன்று; சில நூற்றாண்டு தாமதித்து வந்த கேள்வி, அவ்வளவே!

இம்மாற்றம் இன்னும் முடிந்தபாடில்லை. ‘ஹூம் டிட் யூ சீ?’ என்பது இலக்கணம். ‘ஹூ டிட் யூ சீ?’ என்பது பேச்சு. ‘ஹூம்’ என்று தொடங்கும் அக்கேள்வி ஓரிரு நூற்றாண்டுகளில் கற்றோர் வாயிலும் வழங்காது போகும் என்று எட்வர்டு சபீர் என்னும் மொழியறிஞர் 1921-இல் எழுதினார். தேர்வுத் தாளில் ‘ஹூம்’ எழுதுவதே இன்றும் நல்லது. தேநீர்க் கடையில் அதனைக் கேட்டால் எதிரிலிருப்பவர் சற்றே நிமிர்ந்து உட்கார்வார்.

இரட்டை வழக்கு தஞ்சையார்க்குப் புதிதா என்ன? “இப்பேருந்து கும்பகோணம் செல்லுமா?” என்று எழுதுவோம். பேருந்து நிலையத்திலோ, “அண்ணே, கும்மோணம் போவுமா?” என்றுதான் கேட்போம். எழுதியவனும் கேட்டவனும் ஒருவனே. தமிழில் நாள்தோறும் இவ்வாறு இடமறிந்து மாற்றிப் பேசுபவன் ஆங்கிலத்தில் தடுமாறுவதற்குக் காரணம் அறிவுக் குறை அன்று. இரண்டு வழக்குகளில் ஒன்றை மட்டுமே பள்ளி அவனுக்குக் கொடுத்தது. மற்றதைக் கேட்டறிய வாய்ப்பில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், தஞ்சையில் தமிழ் பயில வந்திருந்த அயல்நாட்டு இளைஞர் ஒருவர் கைகூப்பி என்னிடம் கேட்டார்: “ஐயா, தாங்கள் எவ்வூரினின்று வருகின்றீர்கள்?” பக்கத்திலிருந்த சிறுவன் களுக்கென்று சிரித்தான். அவனைக் கண்ணால் அடக்கிவிட்டு, என் ஊர்ப் பெயரைச் சொன்னேன். பிறகு இருவரும் கடைத்தெருப் பக்கம் நடந்தோம். “நீங்க எந்த ஊருங்க?” என்பதை மூன்று முறை சொல்லிப் பார்த்தார். நான்காவது முறை, இளநீர்க் கடைக்காரரிடமே கேட்டுவிட்டார்.