டன்னாட்டர்: கடற்பாறைமேல் ஒரு கோட்டை

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், ஸ்டோன்ஹேவன் என்னும் துறைமுக ஊருக்குத் தெற்கே, வட கடலுக்குள் துருத்தி நிற்கும் ஏறத்தாழ 50 மீட்டர் உயரப் பாறையொன்றின் தட்டையான உச்சியில் டன்னாட்டர் கோட்டையின் இடிபாடுகள் பரந்து கிடக்கின்றன. கூழாங்கற்கள் சிவந்த மணலோடு சேர்ந்து இறுகி உண்டான பாறை அது. அதன் செங்குத்துச் சரிவுகளில் அக்கற்கள் கடலை மிட்டாயில் பருப்பு தெரிவதுபோல் இன்றும் தெரிகின்றன. பாறையை நிலத்தோடு இணைப்பது தாழ்ந்து குறுகிய நிலக்கழுத்து ஒன்றே என்பதால், கோட்டையைக் காண வருவோர் முதலில் பள்ளத்தில் இறங்கி, பிறகு சுடுதுளைகள் குறிபார்த்து நிற்கும் வாயிலை நோக்கி ஏற வேண்டும்.

அயர்லாந்து மடங்களில் ஆண்டுவாரியாக எழுதப்பட்ட குறிப்புகள் 681ஆம் ஆண்டிலேயே இவ்விடம் முற்றுகையிடப்பட்டதைச் சொல்கின்றன. 1297இல் ஸ்காட்லாந்தின் விடுதலைப் போராளி வில்லியம் வாலஸ் இங்கிருந்த ஆங்கிலேயரைத் தேவாலயத்தோடு எரித்தார் என்ற புகழ்பெற்ற கதையோ, ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் கழித்து எழுந்த காவியத்தில் வருவதாகையால், அதை வரலாறாகக் கொள்வதைவிடக் கவிதையாகக் கொள்வதே பொருத்தம். இன்று நிற்கும் கோபுரம் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் கீத் கட்டியது. திருநிலைப்படுத்தப்பட்ட தேவாலய மண்ணில் போர்க்கோட்டை எழுப்பினார் என்று ஆயர் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கிவைக்க, கீத் போப்பிடம் முறையிட்டு 1395இல் அத்தண்டனையை நீக்கிக்கொண்டார்.

கீத் குடும்பம் வழிவழியாக வகித்த ‘மாரிஷல்’ பதவிக்கு, நாட்டின் அரச சின்னங்களான மகுடம், செங்கோல், வாள் ஆகியவற்றைக் காக்கும் பொறுப்பும் உண்டு. 1649இல் மன்னரின் தலையை வெட்டிய ஆங்கிலக் குடியரசு தன் நாட்டு மகுடத்தை உருக்கிவிட்டிருந்ததால், 1651இல் அக்குடியரசின் படைத்தலைவர் குரோம்வெல்லின் படை வடக்கே முன்னேறியபோது ஸ்காட்லாந்தின் சின்னங்கள் டன்னாட்டரில் ஒளித்துவைக்கப்பட்டன. சர் ஜார்ஜ் ஓகில்வியின் சிறு காவற்படை எட்டு மாதங்கள் தாக்குப்பிடித்தது. எதிர்க்குன்றில் பெரும் பீரங்கிகள் வந்து சேர்ந்து ஏறக்குறையப் பத்து நாள் சுட்ட பின்னரே, 1652 மே மாதம் கோட்டை சரணடைந்தது. உள்ளே நுழைந்தவர்களுக்குச் சின்னங்கள் கிடைக்கவில்லை. அருகிலுள்ள கின்னெஃப் சிற்றூரின் போதகர் ஜேம்ஸ் கிரேஞ்சரின் மனைவி கிறிஸ்டியன் ஃபிளெச்சர், அவற்றைச் சணல் நார்க்கட்டுகளில் மறைத்து முற்றுகையினர் கண்ணெதிரேயே கொண்டுசென்றார் என்கிறது ஒரு மரபு. பாறை விளிம்பிலிருந்து கயிற்றில் இறக்கப்பட்டவற்றைக் கடற்பாசி பொறுக்குவதுபோல் நடித்த பணிப்பெண் கூடையில் ஏந்திக்கொண்டாள் என்கிறது மற்றொன்று. எவ்வாறாயினும், 1660 வரை அவை கின்னெஃப் தேவாலயத் தரைக்கடியில் புதைந்து கிடந்தன. செங்கோலும் வாளும் போப்புகள் பரிசாக அனுப்பியவை. போப்பின் அதிகாரத்தையே மறுத்த ஒரு சபையின் போதகர் அவற்றைக் காத்தார் என்பது அக்காலத்தின் வேடிக்கைகளுள் ஒன்று.

பகைவரை வெளியே நிறுத்தும் பாறை, உள்ளிருப்போரை வெளியே விடாமலும் பிடித்துவைக்கும். 1685இல், திருச்சபைக்கு மன்னர் தலைவர் என்பதை ஏற்க மறுத்த ‘கவனன்டர்’ பிரிவினருள் 122 ஆண்களும் 45 பெண்களும் இங்குக் கொண்டுவரப்பட்டு, பெரும்பாலோர் கடலை நோக்கிய ஒற்றை நிலவறைக்குள் கோடைக்காலத்தில் அடைக்கப்பட்டனர். சேறு மண்டிய தரையில் படுக்கவும் இடமில்லை. சாளரத்தின் வழியே 25 பேர் பாறைச் சரிவில் இறங்கித் தப்ப முயன்றனர். 15 பேர் மீண்டும் பிடிபட்டனர். பணியாதோர் பின்னர் அமெரிக்காவுக்குக் கப்பலேற்றப்பட்டனர்.

கோட்டையைக் குலைத்தது பீரங்கியைக் காட்டிலும் பத்திரமே. நாடிழந்த ஸ்டூவர்ட் மரபை மீண்டும் அரியணை ஏற்றுவதற்காக 1715இல் எழுந்த கிளர்ச்சியில் பத்தாம் மாரிஷல் சேர்ந்ததால் அவருடைய உடைமைகள் பறிமுதலாயின. லண்டனில் குடிநீர் வழங்கத் தொடங்கிப் பின்னர் நில வணிகத்தில் இறங்கிய யார்க் பில்டிங்ஸ் நிறுவனம் அவற்றை வாங்க, கழற்றி விற்கக்கூடியவை எல்லாம் கோட்டையிலிருந்து கழற்றப்பட்டன. 1925இல் கவுட்ரே சீமாட்டி பழுதுபார்ப்பைத் தொடங்கியபோது ஓர் அறைக்கு மீண்டும் கூரையும் செதுக்கிய மர விதானமும் கிடைத்தன.

அந்த நிலவறையில் அடைபட்டு மாண்ட கவனன்டர்களின் நினைவுக்கல் பாறையின்மீது இல்லை. உள்நாட்டில், டன்னாட்டர் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. அக்கல்லைத் துலக்கிக்கொண்டிருந்த முதிய கல்தச்சர் ராபர்ட் பேட்டர்சனை 1793இல் அங்கே சந்தித்த வால்டர் ஸ்காட், பிற்காலத்தில் அவரை நாவலொன்றில் அழியாது நிறுத்தினார். எடின்பரோ கோட்டையில் பூட்டிய பெட்டிக்குள் மறந்துபோயிருந்த மகுடத்தையும் செங்கோலையும் வாளையும் 1818இல் தேடி வெளிக்கொணர்ந்தவரும் அதே ஸ்காட்தான்.