சட்டமொழியும் மக்கள்மொழியும்: ஈழத்துக் கலைச்சொல்லாக்கம் பற்றிய ஒரு குறிப்பு

சட்டத்துக்கும் தொழில்நுட்பத்துக்கும் வேண்டிய சொல்வளம் தமிழில் இல்லை என்ற கூற்று நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. வரலாறு தருவது இதற்கு மாறான சான்றாகும்.

1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாணத்து வழமைகளை ஒல்லாந்த மொழியில் தொகுத்தார். அதன் தமிழாக்கத்தைப் பன்னிரு முதலியார்கள் ஆராய்ந்து ஏற்றனர். அத் தேசவழமையின் 'தேடியதேட்டம்' என்னும் சொல்லை 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தன் ஆங்கில வாசகத்துள் அவ்வாறே ஏற்றுக்கொண்டது. மருத்துவத்துறையில், சாமுவேல் கிறீன் 1864 முதல் மானிப்பாயில் தமிழிலேயே கற்பித்தார். ஆயின், அவர் 1873இல் நாடு திரும்பிய பின்னர் அம்முயற்சி நிலைக்கவில்லை. அரச மருத்துவசேவை ஆங்கிலத்திலேயே இயங்கியமையை நாம் இங்கு மனங்கொள்ள வேண்டும்.

எனவே, குறை சொல்லில் அன்று, அதிகாரத்தின் அமைப்பிலேயே உள்ளது. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. மறுவருடம் திருகோணமலைக் கடற்படைத்தளத்தைப் பிரித்தானியர் கையளித்தனர். துறைமுகத் தமிழ்த் தொழிலாளிக்கு ஆங்கிலம் விலகிய இடத்தில் தமிழ் வந்தமரவில்லை. 1972 அரசியலமைப்பின்படி சட்டங்கள் சிங்களத்தில் ஆக்கப்பட்டன. தமிழுக்குக் கிடைத்தது மொழிபெயர்ப்பின் இடமே. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது.

ஆங்கிலத் தொழிற்சொற்களைப் பிரெஞ்சாக்கிய கியூபெக்கின் அனுபவம் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. அங்கு சொற்பட்டியல்கள் மட்டும் வெளியிடப்படவில்லை. 1977ஆம் ஆண்டின் மொழிச்சாசனம், ஐம்பதும் அதற்கு மேற்பட்டோரும் தொழில்புரியும் நிறுவனங்களில் பிரெஞ்சே வழங்க வேண்டும் என விதித்தது. உற்பத்திக்களத்தில் இடம்பெற்றதனாலேயே சொல் வேரூன்றியது.

நமது குழுக்கள் ஆக்கிய சொற்களையும் இவ்வுரைகல்லிலேயே மதிப்பிடல் வேண்டும். 'உறுதி', 'சத்தியக்கடதாசி' என்பன நொத்தாரிசின் மேசையிலிருந்து மக்களின் பேச்சுக்கு வந்தவை. 'உறுத்துக்கட்டளை' போன்றவற்றை விளங்கிக்கொள்ள இன்றும் சட்டத்தரணியின் துணை வேண்டும். துறைமுகத்தை அண்டிய லிங்கநகரில் ஒருவர் தம் காணி தொடர்பான கட்டளையைத் தாமே வாசித்து, அதனை எதிர்த்து வாதிட இயலுமாயின், அதுவே கலைச்சொல்லாக்கத்தின் வெற்றி. அந்நிலை எய்தப்படும்வரை, சொல்லாக்கம் அறிஞரின் பணியாக மட்டுமன்றி மக்களின் உரிமைப்போராட்டத்தின் ஒரு கூறாகவும் இருக்கும்.