வாசலோடு நின்ற ஆசீர்வாதம்



1985ஆம் ஆண்டின் பிற்பகுதியில், கிரிக்கெட் வீரர் இயன் போத்தம் ஸ்காட்லாந்தின் வடகோடியிலுள்ள ஜான் ஓ குரோட்ஸிலிருந்து இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்ட் வரை நடந்தார். இரத்தப் புற்றுநோயால் வாடும் பிள்ளைகளை மருத்துவமனையில் கண்டது அவர் மனத்தை விட்டு அகலவில்லை. அந்நோய் குறித்த ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டவே அவர் நடந்தார். இத்தகைய நடைப்பயணங்கள் இன்று அந்நாட்டில் வழக்கமாகிவிட்டன. மைலுக்கு இவ்வளவு என்று நண்பர்கள் வாக்களிப்பார்கள். நடப்பவர் வயல்வெளிகளையும் சிற்றூர்களையும் கடந்து நடந்து, சேர்ந்த பணத்தை ஏழைகளுக்கோ நோயாளிகளுக்கோ சேர்ப்பார். நல்ல வழக்கந்தான்.

ஆனால் அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன், அதே நாட்டின் சாலைகளில் வேறொரு நடை நிகழ்ந்தது. அதில் நடந்தவர்கள் பிறருடைய துன்பத்துக்காக நடந்தவர்கள் அல்லர், துன்பப்பட்டவர்களே நடந்தார்கள். தர்மம் கேட்கவில்லை, தங்கள் ஊருக்கு வேலை கேட்டார்கள். அந்த நடை ஒரு திருச்சபையின் வாசலில் தொடங்கியது. ஆகையால் அது நம்மையும் கேள்வி கேட்கிறது.

இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் நதியின் தென்கரையில் ஜாரோ என்னும் ஊர் இருக்கிறது. திருச்சபை வரலாற்றைக் கற்றவர்களுக்கு அது புதிய பெயரன்று. வணக்கத்துக்குரிய பீட் என்னும் துறவி வாழ்ந்த மடாலயம் அங்கேதான் இருந்தது. ஆங்கிலேய மக்களின் திருச்சபை வரலாற்றை அவர் 731இல் எழுதி முடித்தார். 735இல், மரணப் படுக்கையிலும் யோவான் சுவிசேஷத்தை மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று அவருடைய சீடர் எழுதி வைத்திருக்கிறார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதே ஊர் கப்பல் கட்டும் ஊராயிற்று. 1852 முதல் பாமர் நிறுவனத்தின் தளத்தில் ஏறத்தாழ ஆயிரம் கப்பல்கள் உருவாகின. ஊர் முழுவதும் அந்த ஒரே தளத்தை நம்பிப் பிழைத்தது. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது கப்பல் கேட்பார் இல்லை. 1934இல் அத்தளம் மூடப்பட்டது. கப்பல் முதலாளிகள் தங்களுக்குள் சேர்ந்து அமைத்த ஒரு நிறுவனம் அதை வாங்கி, அடுத்த 40 ஆண்டுகளுக்கு அங்கே கப்பல் கட்டலாகாது என்ற நிபந்தனையோடு மூடிவிட்டது. வேலை செய்யக்கூடியவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் வேலையற்றிருந்தார்கள். ஒருவர் வேலையற்றிருந்தால் ஒரு குடும்பம் துன்புறும். ஓர் ஊரே வேலையற்றிருந்தால் கடைகள் அடைபடும், வீடுகள் பாழாகும், நோய் புகும். ஜாரோவில் பச்சிளங் குழந்தைகளின் மரண விகிதம் நாட்டின் சராசரியைவிட மிக உயர்ந்திருந்தது.

அவ்விடத்தில் ஓர் உருக்காலை அமைக்கும் திட்டம் ஊராருக்குச் சிறிது நம்பிக்கை தந்தது. ஏற்கெனவே அத்தொழிலில் இருந்த முதலாளிகளின் எதிர்ப்பால் 1936இல் அதுவும் கைவிடப்பட்டது. முறையிட வந்த ஊர்ப் பிரதிநிதிகளிடம் வர்த்தகத் துறை அமைச்சர் வால்டர் ரன்சிமன், ஜாரோ தன் இரட்சிப்பைத் தானே தேடிக்கொள்ள வேண்டும் என்று கூறிவிட்டார்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் அறிவீர்கள். பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படும்படி பவுல் புத்தி சொல்லுகிறார். ஆனால் மூல கிரேக்கத்தில் அவ்வசனம் தனி மனிதனை நோக்கியதன்று. பன்மையில், சபை முழுவதையும் நோக்கியது. அடுத்த வசனத்திலேயே, தேவனே உங்களுக்குள் கிரியை செய்கிறவர் என்ற உறுதியும் வருகிறது. கைவிடுவதற்குச் சாக்காகச் சொல்லப்பட்ட வார்த்தையன்று அது.

ஜாரோ நகர மன்றம் ஒரு முடிவெடுத்தது: ஊரார் கையெழுத்திட்ட மனுவை இலண்டன் பாராளுமன்றத்துக்கு நடந்தே கொண்டுபோவது. விண்ணப்பித்தவர்களில் உடல் தகுதி பார்த்து ஏறத்தாழ 200 பேர் தெரிந்தெடுக்கப்பட்டனர். பலர் முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பியவர்கள். 11,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகள் கருவாலி மரப்பெட்டி ஒன்றில் வைக்கப்பட்டன. நகர மன்ற உறுப்பினர் டேவிட் ரைலி தலைமை தாங்கினார். அத்தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் எல்லன் வில்கின்சன் அம்மையார், இயன்ற நாட்களிலெல்லாம் அவர்களோடு நடந்தார். இவர் 1932இல் கிருஷ்ண மேனன் முதலானோருடன் இந்தியாவுக்கு வந்து, நம் மக்களின் நிலையை நேரில் கண்டு அறிக்கை எழுதிய குழுவில் ஒருவர்.

1936 அக்டோபர் 5. ஜாரோவின் கிறிஸ்து ஆலயத்தில் எல்லாச் சபைப் பிரிவினரும் கூடி ஆராதித்தார்கள். ஜாரோவின் உதவிப் பேராயர் ஜெஃப்ரி கார்டன் அம்மனிதர்களை ஆசீர்வதித்து அனுப்பினார். அச்செய்தி நாடெங்கும் பத்திரிகைகளில் வந்தது.

அதன் பின் நடந்ததுதான் என்னை வாட்டுகிறது. அவருக்கு மேலிருந்த டர்ஹாம் பேராயர் ஹென்ஸ்லி ஹென்சன், இத்தகைய நடைகள் கூட்டத்தின் பலத்தைக் காட்டி அரசை நெருக்கும் செயல் என்று கடுமையாகக் கண்டித்தார். ஹென்சன் கோழையல்லர், நாஜிகள் யூதரை ஒடுக்கியதை எதிர்த்து அந்நாட்களில் துணிந்து குரல் கொடுத்தவர். ஆயினும் தம் சொந்த மறைமாவட்டத்தின் பசித்த மனிதரில் அவர் கண்டது கலகத்தின் சாயலை. மேலவரின் கோபத்தைக் கண்ட உதவிப் பேராயர், தாம் அந்நடையை ஆதரிக்கவில்லை என்றும், கடமைக்காகவே ஆராதனையை நடத்தியதாகவும் விளக்கம் அளித்தார்.

அம்மனிதர்களோ நடந்துகொண்டிருந்தார்கள். போர்வீரர் வழக்கப்படி 50 நிமிடம் நடை, 10 நிமிடம் ஓய்வு. வாயிசைக் கருவிகளின் வாத்தியம் முன்னே சென்றது. டார்லிங்டன், ரிப்பன், லீட்ஸ், ஷெஃபீல்டு, நாட்டிங்ஹாம் என்று ஏறத்தாழ 280 மைல், அதாவது 450 கிலோமீட்டர். ரிப்பனில் அவ்வூர்ப் பேராயரும் சபைகளின் பிரதிநிதிகளும் வந்து அவர்களை வரவேற்றார்கள். செல்வச் செழிப்புள்ள ஹாரோகேட் நகரமும் அன்போடு ஏற்றுக்கொண்டது. பார்ன்ஸ்லியில் அவர்கள் குளிப்பதற்காக நகராட்சிக் குளியலறைகளின் நீரைச் சூடாக்கி வைத்திருந்தார்கள். மார்க்கெட் ஹார்பரோவில் மாத்திரம் வரவேற்பு குளிர்ந்திருந்தது. அன்றிரவு கல் தரையில் படுத்தார்கள்.

லெஸ்டரில் நடந்ததை நான் மறக்க இயலாது. அங்குள்ள கூட்டுறவுச் சங்கத்தின் செருப்புத் தைக்கும் தொழிலாளர்கள், நடந்து நடந்து தேய்ந்துபோன அந்தப் பூட்சுகளை வாங்கிக்கொண்டு, இரவு முழுவதும் விழித்திருந்து கூலியின்றிச் செப்பனிட்டார்கள். விடிந்ததும் அம்மனிதர்கள் தெற்கு நோக்கி நடையைத் தொடர்ந்தார்கள்.

அக்டோபர் 31 அன்று கொட்டும் மழையில் இலண்டனை அடைந்தார்கள். நவம்பர் 4 அன்று வில்கின்சன் அம்மையார் மனுவைப் பாராளுமன்றத்தில் சமர்ப்பித்தார். சில நிமிடங்களில் அவை வேறு அலுவலுக்குச் சென்றுவிட்டது. பிரதமர் ஸ்டான்லி பால்ட்வின் அவர்களைச் சந்திக்க மறுத்தார். இரயில் ஏறி ஊர் திரும்பியவர்களுக்கு இன்னோர் அடி காத்திருந்தது. நடந்த நாட்களில் வேலை வந்திருந்தால் அதை ஏற்கும் நிலையில் அவர்கள் இல்லை என்று காரணம் காட்டி, உதவித் தொகையில் ஒரு பகுதி பிடித்துக்கொள்ளப்பட்டது. பின்னர் ஊருக்குச் சில சிறு ஆலைகள் வந்தன. ஆயினும் மெய்யான வேலைவாய்ப்பு போர் ஆயத்தங்களோடுதான் திரும்பியது.

ஆகவே அந்நடை தோல்வி என்றே அன்று எழுதப்பட்டது. இன்றோ அதை எதிர்த்தவர்களின் வாதங்களை நினைப்பார் சிலர். ஜாரோவின் பெயரையும் அந்த 200 பேரையும் அந்நாடு முழுவதும் நினைவுகூருகிறது.

பிரியமானவர்களே, யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு காட்சியைத் தீட்டுகிறார். உடையும் உணவும் இல்லாத சகோதரனிடம், சமாதானமாய்ப் போ என்று நல்வார்த்தை சொல்லி, தேவையானதைக் கொடாமல் அனுப்பினால் பயன் என்ன என்று கேட்கிறார். அவர் குறை கூறுவது வசைச் சொல்லையன்று, ஆசீர்வாதத்தை. வாசலோடு நின்றுவிடும் ஆசீர்வாதத்தை. லெஸ்டரின் தொழிலாளர்கள் அங்கியும் அணியவில்லை, கைகளை உயர்த்தவும் இல்லை. பிறருடைய கிழிந்த பூட்சைத் தங்கள் மடியில் வைத்துத் தைத்தார்கள். அவ்விரவில் ஆசீர்வதித்தவர்கள் அவர்களே என்று நான் நம்புகிறேன்.

உதவிப் பேராயர் கார்டனை நியாயந்தீர்க்க எனக்குத் தகுதியில்லை. பல ஆண்டுகளுக்கு முன், நான் ஊழியம் செய்த ஓர் ஊரில் ஒரு தொழிற்சாலை திடீரென மூடப்பட்டது. வேலை இழந்தவர்கள், நம் சபையார் இருவர் உட்பட, ஆட்சியர் அலுவலகத்துக்கு நடந்துசெல்லப் புறப்பட்டு, ஐயர் வந்து ஜெபிக்க வேண்டும் என்று அழைத்தார்கள். போனேன், சுருக்கமாக ஜெபித்தேன், புகைப்படம் எடுப்பதற்கு முன் திரும்பிவிட்டேன். மறுநாள் சபையின் பெரியவர் ஒருவர் முகம் சுளித்துக் கேட்டபோது, "ஜெபம்தான் செய்தேன் ஐயா, வேறொன்றும் இல்லை" என்றேன். அந்தப் பதில் முற்றிலும் உண்மை. ஆகையால்தான் அது இன்றளவும் என்னைக் குத்துகிறது.

எம்மாவு சாலையில் நம் ஆண்டவர் துக்கமுகமாயிருந்த இருவரை வழியில் நிறுத்தி ஆசீர்வதித்து அனுப்பிவிடவில்லை. அவர்களோடு கூடவே நடந்தார், கேட்டார், பொழுது சாய்ந்தபோது அவர்கள் வீட்டுக்குள்ளும் சென்றார். அப்பத்தை எடுத்து ஆசீர்வதித்தது பந்தியில் அமர்ந்த பிறகே.

இந்த வாரம் உங்கள் தெருவில், உங்கள் உறவில், வேலை இழந்த ஒருவர் இருப்பார். அவருக்காக ஜெபியுங்கள். ஜெபித்தபின் எழுந்து அவர் வீட்டுக்குப் போங்கள். விண்ணப்பம் எழுத உதவுங்கள். அலுவலகத்துக்கு உடன் செல்லுங்கள். நியாயம் மறுக்கப்பட்டிருந்தால் அவர் அருகில் நில்லுங்கள். யாராவது கேட்டால், ஜெபம்தான் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க வேண்டிய நிலை நமக்கு வராதிருப்பதாக.

ஜெபிப்போம்: வழிநடந்த ஆண்டவரே, எங்கள் ஆசீர்வாதங்களுக்குக் கால்களைத் தாரும். உழைக்க விரும்பியும் உழைக்க இடமற்றவர்களை நினைத்தருளும். நாங்கள் பயந்து பின்வாங்கிய நாட்களை மன்னியும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.