பண்டைய எகிப்தின் பொன் நகைகளும் லாகூன் புதையலும்

பண்டைய எகிப்தியர் பொன்னைத் தெய்வங்களின் உடல் என்று கருதினர். மங்காத அந்த உலோகம் இறந்தவருக்கும் அழியா வாழ்வு தரும் என நம்பியதால், நகைகளையும் கல்லறைக்குள் வைத்தனர். நைலுக்குக் கிழக்கேயுள்ள பாலைநிலத்திலும் தெற்கே நூபியாவிலும் பொன் கிடைத்தது, வெள்ளிதான் அரிது.

கற்களை அவர்கள் பெரிதும் நிறத்துக்காகவே விரும்பினர். வைரமும் மாணிக்கமும் அவர்கள் அறியாதவை. சிவப்புக்குச் சூதுபவளம், பசுநீலத்துக்குச் சினாய் சுரங்கங்களில் வெட்டிய டர்க்காய்ஸ், கருநீலத்துக்கு இன்றைய ஆப்கானிஸ்தானின் படக்சான் மலைகளிலிருந்து வந்த லாபிஸ் லசூலி. நிறம் பொருந்தினால் கண்ணாடியும் போதும். துட்டன்காமனின் பொன் முகமூடியில் தலைத்துணியின் நீலக் கோடுகள் கண்ணாடியால் ஆனவையே!

கல்லறைக்குள் சென்ற நகைகளில் பெரும்பகுதி நமக்குக் கிடைக்கவில்லை. ஒன்பதாம் ராம்சேசின் 16ஆம் ஆட்சியாண்டில் பிடிபட்ட திருடர்களின் வாக்குமூலம் ஒரு பாப்பிரசுச் சுருளில் உள்ளது. மன்னர் சோபெகெம்சாபின் கல்லறையை உடைத்து, பொன்னை எடுத்துக்கொண்டு, சவப்பெட்டிகளுக்குத் தீ வைத்தார்களாம். எட்டுப் பேர் 160 தெபன் பொன்னைப் பங்கிட்டனர். ஏறத்தாழ 14 கிலோ. அது என்னென்ன நகைகளாக இருந்தது என்பதை இனி யாரும் அறிய முடியாது.

இந்நிலையில்தான் லாகூன் புதையல் முக்கியமாகிறது. 1914இல் பிளிண்டர்ஸ் பெட்ரியின் குழு, இரண்டாம் செனுஸ்ரெத்தின் பிரமிடு அருகே அவர் மகள் சிட்ஹாதோரியுனெத்தின் கல்லறையைத் தோண்டியது. கல்சவப்பெட்டி முன்பே சூறையாடப்பட்டிருந்தது. ஆனால் நகைப்பெட்டிகள் இருந்த சுவர்மாடம் வெள்ளம் கொணர்ந்த சேற்றால் மூடியிருந்ததால் திருடர் கண்ணில் படவில்லை. மரப்பெட்டிகளும் மணிகோத்த நூலும் மக்கிவிட்டன. கை 'வெடுக்'கென்று நுழைந்திருந்தால் மணிகளின் வரிசை குலைந்திருக்கும். பெட்ரியின் உதவியாளர் கை பிரண்டன் பகலும் இரவும் கல்லறையிலேயே தங்கி, சேற்றைச் சிறிது சிறிதாக அகற்றி, ஒவ்வொரு மணியும் கிடந்த இடத்தைக் கவனித்தார். அந்தப் பொறுமையால்தான் மாலைகளை மீண்டும் கோக்க முடிந்தது.

அவற்றுள் சிறந்தது, தந்தையின் பெயர் பொறித்த மார்பணி. சுமார் 8 செ.மீ. அகலமே உள்ளது. பொன் தகட்டின்மேல் மெல்லிய பொன் பட்டைகளைச் செங்குத்தாகப் பற்றவைத்துச் சிற்றறைகள் செய்து, ஒவ்வோர் அறைக்கும் அளவாக அறுத்த 372 கல்துண்டுகளைப் பதித்திருக்கிறார்கள். இரு பருந்துகளுக்கு நடுவே மண்டியிட்ட தெய்வம், மன்னருக்குக் கோடி ஆண்டு வேண்டிப் பனைமட்டைகளை ஏந்தி நிற்கிறது. அணிந்தால் பிறர் கண்ணுக்குத் தெரியாத பின்புறத்திலும் அதே உருவங்களை நுணுக்கமாகச் செதுக்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

இளவரசியின் மணிமுடி இன்று எகிப்திலும், இம்மார்பணி நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலும் உள்ளன.